ஜப்பான் பீர் ஏன் ‘தண்ணி மாதிரி’ இருக்கு? ‘மைல்டு’ என்ற வார்த்தைக்குள் இருக்கும் கணக்கு

“ஸ்ட்ராங்குங்களா, மைல்டுங்களா?”

திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் எந்த டாஸ்மாக் கடையில் பீர் கேட்டாலும் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து வரும் முதல் கேள்வி இதுதான். வாரச் சம்பளம் கைக்கு வந்த சனிக்கிழமை சாயங்காலம், வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலானோருக்கு இது கேள்வியே இல்லை. ‘ஸ்ட்ராங்’தான். யாராவது ‘மைல்டு’ என்று சொன்னால் பக்கத்தில் நிற்பவர் ஒரு மாதிரி திரும்பிப் பார்ப்பார். “ஏன் மாப்ள, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கிண்டலும் வரலாம்.

இதே ஊரில் இருந்துதான் பையர் மீட்டிங்குக்காக டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் ஆட்கள் போய் வருகிறார்கள். 2011 ஆகஸ்ட்டில் இந்தியா - ஜப்பான் வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்ததில் இருந்து நம் பின்னலாடைகள் அங்கே சுங்க வரி இல்லாமல் இறங்குகின்றன. மீட்டிங் முடிந்து சாயங்காலம் சாப்பிடப் போகும் இடத்தில் எதிரே வந்து நிற்பது அசாஹியோ, கிரினோ, சப்போரோவோ. முதல் வாய் குடித்ததும் நம்மாட்கள் பலருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: “என்னடா இது, சோடா மாதிரி இருக்கு?”

சோடா மாதிரி இருக்கும் அந்த அசாஹி சூப்பர் டிரை கேனில் இருப்பது 5 சதவீத ஆல்கஹால். ஜப்பானில் விற்கும் கிரின் இச்சிபனிலும் 5. சப்போரோ பிளாக் லேபிளிலும் 5. இந்திய விதிப்படி ‘மைல்டு’ என்ற பெயரில் ஒரு பீரில் இருக்கக்கூடிய அதிகபட்ச அளவும் அதே 5தான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் வெளியிட்ட மதுபான விதிமுறைகள், 5 சதவீதம் வரை இருந்தால் மைல்டு, அதற்கு மேல் 8 வரை போனால் ஸ்ட்ராங் என்று கோடு போட்டிருக்கின்றன. ஆக, நாக்குக்குத் தண்ணி மாதிரி தெரிவது, கணக்குப்படி மைல்டின் உச்சியில் நிற்கிறது.

நாக்கு சொல்வதற்கும் லேபிள் சொல்வதற்கும் இடையே இருக்கும் இந்த இடைவெளி சும்மா சுவாரஸ்யத்துக்கான விஷயம் இல்லை. திருப்பூரில் பார்ட்டி முடித்துவிட்டு அவிநாசிபாளையம் வரை பைக்கில் போக வேண்டிய ஒருவருக்கு அது ஏறக்குறைய 20 கிலோமீட்டர் பிரச்சினை. அதற்கு முன்னால், அந்த ருசி எங்கே இருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

வாயில் என்ன நடக்கிறது?

ஜப்பானின் மாஸ் மார்க்கெட் பீரை முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் வராது. லேசாக பிரெட் வாசனை, அதன் பின்னால் வடித்த சோற்றின் ஆவி மாதிரி ஏதோ ஒன்று. ஹாப்ஸ் பூவின் கசப்பு வாசனை தேடினால்தான் கிடைக்கும். வாயில் வைத்ததும் முதலில் தெரிவது ருசி அல்ல, குளிரும் நுரைக்குமிழியின் குத்தலும். நடுவில் கொஞ்சம் தானிய இனிப்பு எட்டிப் பார்க்கும். அது நாக்கில் உட்காருவதற்குள் விழுங்கியாகிவிடும். விழுங்கிய பிறகு வாயில் எதுவும் ஒட்டாது, தொண்டை வறண்ட மாதிரி இருக்கும், அடுத்த வாய் கேட்கும்.

அந்தக் கடைசி உணர்வுதான் முழு பொருளும். இந்த பீரைத் தயாரிப்பவர்கள் குறி வைத்ததே அதைத்தான். அசாஹி இதற்கு வைத்த பெயர் ‘கராகுச்சி’. ‘கராய்’ என்றால் ஜப்பானிய மொழியில் காரம், ‘குச்சி’ என்றால் வாய். காரவாய்! (தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் பல வருஷம் எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனாலும் இந்த மாதிரி வார்த்தை கண்ணில் படும்போது ஒரு நிமிஷம் நிற்கத்தான் தோன்றுகிறது.) மதுவைப் பற்றிப் பேசும்போது ‘கராகுச்சி’க்கு மிளகாய்க் காரம் என்று பொருள் இல்லை. இனிப்பு இல்லாதது என்று பொருள். ஆங்கிலத்தில் ‘டிரை’ என்பதும் இதைத்தான்.

நம் ஊர் ஸ்ட்ராங் பீர் இதற்கு நேர் எதிர். வாயில் கனமாக உட்காரும், இனிப்பும் ஸ்பிரிட் வாடையும் கலந்து வரும், விழுங்கிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும். பழகிய நாக்குக்கு ‘சரக்கு இருக்கு’ என்பதன் அடையாளமே அந்தக் கனம்தான். அந்தக் கனம் இல்லாத எதையும் நாக்கு ‘தண்ணி’ என்று தள்ளிவிடுகிறது.

அரிசி செய்யும் வேலை

பீருக்கு அடிப்படை மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி. வீட்டில் ராகியை முளைகட்டிக் கஞ்சி மாவு அரைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் புரியும். முளை விடும்போது தானியத்துக்குள் நொதிகள் உருவாகின்றன. அந்த நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தரும்.

முழுக்க மால்ட் போட்டுக் காய்ச்சினால் பீர் கனமாக, பிரெட் வாசனையோடு வரும். அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அரிசி, சோளம், ஸ்டார்ச் சேர்த்தால் என்ன ஆகும்? மால்ட்டில் உள்ள நொதிகளே அரிசியின் மாவுச்சத்தையும் உடைத்துக் கொடுத்துவிடும். சர்க்கரை கிடைக்கும், அதனால் ஆல்கஹாலும் கிடைக்கும். ஆனால் பார்லியின் புரதமும் வாசனையும் குறையும். பீர் மெலிந்து, வெளுத்து, சுத்தமாக இருக்கும். அசாஹி சூப்பர் டிரையின் பொருள்பட்டியலில் மால்ட், ஹாப்ஸ் தவிர அரிசி, சோளம், ஸ்டார்ச் மூன்றும் இருக்கின்றன.

எல்லா ஜப்பான் பீரும் இப்படி அல்ல. கிரின் இச்சிபன் 2009-ல் இருந்து முழு மால்ட் பீர். ‘இச்சிபன் ஷிபோரி’ என்றால் முதல் பிழிவு. தேங்காய்ப் பாலில் முதல் பால், இரண்டாம் பால் என்று பிரிப்போமே, அதே கதை. மால்ட் கூழில் இருந்து தானாக வடியும் முதல் சாற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் ஊற்றி இரண்டாவது முறை அலசுவதில்லை. துவர்ப்பு குறைவதற்கு அதுதான் காரணம்.

அரிசியில் இருந்து பீர் என்பது திருப்பூருக்கும் அப்படி ஒன்றும் அந்நியமான விஷயம் இல்லை. பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களைக் கேட்டால் ‘ஹண்டியா’ பற்றிச் சொல்வார்கள். சோற்றைப் புளிக்கவைத்து வீட்டிலேயே செய்யும் அரிசி பீர் அது.

இப்போது முக்கியமான இடம். ‘இனிப்பு குறைவு, கனம் குறைவு, அதனால் ஆல்கஹாலும் குறைவாகத்தான் இருக்கும்’ என்பது பலரும் போடும் மனக்கணக்கு. பீரில் நடப்பது தலைகீழ். இனிப்பு குறைந்திருக்கிறது என்றால், ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். தின்றது எங்கே போனது? ஆல்கஹாலாகப் பாட்டிலுக்குள்தான் இருக்கிறது. ஒரே அளவு சர்க்கரையில் தொடங்கிய இரண்டு பீர்களில், ‘டிரை’யாக இருப்பதில்தான் ஆல்கஹால் சற்றுக் கூடுதலாக இருக்கும். சூப்பர் டிரைக்கு அசாஹி தேர்ந்தெடுத்த 318-ம் எண் ஈஸ்ட்டின் திறமையே இப்படித் துடைத்துத் தின்பதுதான்.

அஸ்தமனத்தில் இருந்து ஒரு உதயம்

இந்த ருசி ஒன்றும் நூற்றாண்டு கால ஜப்பான் பாரம்பரியம் அல்ல. ஜப்பானுக்கு பீர் கற்றுக்கொடுத்தது ஜெர்மனி. 1876-ல் சப்போரோவில் அரசே தொடங்கிய பீர் ஆலையை நடத்தியவர் ஜெர்மனியில் தொழில் கற்றுத் திரும்பிய செய்பெய் நககாவா. கிரினின் பூர்வீகம் யோகோஹாமாவில் வெளிநாட்டவர்கள் நடத்திய ஆலைகள். அசாஹி ஒசாகாவில் 1889-ல் தொடங்கிய கம்பெனி. (நம் பக்கத்துக் கதையும் ஏறக்குறைய அதே காலம்தான். நீலகிரி உட்பட தென்னிந்தியாவில் இருந்த 5 சிறு ஆலைகளை 1915-ல் ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் லீஷ்மேன் ஒன்றாக்கியதுதான் இன்று கிங்ஃபிஷர் தயாரிக்கும் யுனைடெட் ப்ரூவரீஸ்.)

1980-களின் நடுவில் ஜப்பான் சந்தையில் பாதிக்கு மேல் கிரின் கையில். கசப்பான, கனமான லாகர் அது. அசாஹியின் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே சரிந்திருந்தது. ‘அசாஹி’ என்றால் காலைச் சூரியன். ஊரில் அதை ‘யூஹி பீர்’, அதாவது சாயங்காலச் சூரியன் பீர் என்று கேலி செய்தார்கள்.

கம்பெனி டோக்கியோவிலும் ஒசாகாவிலும் சுமார் 5,000 பேரிடம் போய் ருசி கேட்டது. அங்கே சாப்பாடு மாறிக்கொண்டிருந்தது. எண்ணெயும் இறைச்சியும் கூடியிருந்தன. அதோடு சேர்த்துக் குடிக்க, வாயைக் கழுவிவிடுகிற மாதிரி ஒரு பீர் வேண்டும் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட பதில். 1987 மார்ச் 17-ல் சூப்பர் டிரை வந்தது. அடுத்த வருஷமே கிரின், சப்போரோ, சன்டோரி மூன்றும் ஆளுக்கொரு ‘டிரை’ பீரை இறக்கின. ஜப்பானில் அதை ‘டிரை போர்’ என்றே சொல்கிறார்கள். 1990-களின் முடிவில் கிரினை முந்திக்கொண்டு அசாஹி முதலிடத்துக்கு வந்துவிட்டது.

கவனிக்க வேண்டியது, ஆரம்பக் கேள்வியே ‘சாப்பாட்டோடு எப்படி இருக்கும்?’ என்பதுதான். நம் ஊர் டாஸ்மாக் பாரில் சைடு டிஷ் என்பது சரக்கை இறக்குவதற்கான துணை. அங்கே பீர்தான் சாப்பாட்டுக்குத் துணை. எண்ணெய் மினுங்கும் பள்ளிபாளையம் சிக்கனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த பீரின் வேலை சட்டென்று புரிந்துவிடும். தனியாகக் குடிக்கும்போது ‘ஒண்ணுமே இல்லை’ என்று தோன்றியது, காரமும் எண்ணெயும் பூசிய வாயில் துடைப்பம் மாதிரி வேலை செய்யும்.

ருசியை எழுதுவது வரி

அப்படியென்றால் இந்த மாதிரி பீர் நம் ஊரில் ஏன் ஓடவில்லை? ‘நம்மாளுக்கு ரசனை இல்லை’ என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். அது சரியான பதில் இல்லை.

ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். அங்கே பீருக்கான வரி நீண்ட காலமாக மால்ட்டின் அளவைப் பொறுத்து இருந்தது. மால்ட் அதிகம் என்றால் வரி அதிகம். கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1990-களில் மால்ட்டைக் குறைத்து ‘ஹப்போஷு’ என்ற பீர் மாதிரியான பானத்தை இறக்கின. விலை குறைவு, நன்றாக ஓடியது. அரசு அதற்கும் வரியை ஏற்றியது. உடனே மால்ட்டே இல்லாமல் பட்டாணிப் புரதத்தில் இருந்தெல்லாம் ‘மூன்றாவது பீர்’ வந்தது. ஒரு தலைமுறையின் நாக்கு மெலிந்த ருசிக்குப் பழகியதில் வரிக்கும் பங்கு உண்டு. 2026 அக்டோபரோடு இந்த வித்தியாசம் முடிவுக்கு வருகிறது. எல்லாவற்றுக்கும் 350 மி.லி.க்கு 54.25 யென் என்று ஒரே வரி.

இங்கே கதை எதிர்த்திசையில் போகிறது. மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கிறது, வரி மாநில அரசின் கையில். தமிழ்நாட்டில் மொத்த விற்பனை 1983-ல் இருந்தும், சில்லறை விற்பனை 2003 நவம்பரில் இருந்தும் டாஸ்மாக் ஒன்றின் வசம்தான். விலை ஏறும்போது பாட்டிலுக்கு இத்தனை ரூபாய் என்று ஏறுகிறது. 2024 பிப்ரவரியில் 650 மி.லி. பீருக்கு 10 ரூபாய் கூடியது நினைவிருக்கும். உள்ளே எவ்வளவு ஆல்கஹால் என்பதைப் பார்த்து விலை பெரிதாக இறங்குவதில்லை. மைல்டுக்கும் ஸ்ட்ராங்குக்கும் இடையே கல்லாவில் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான், உள்ளே இருக்கும் வித்தியாசமோ 60 சதவீதம் வரை. வாரச் சம்பளக்காரர் ஸ்ட்ராங் கேட்பது ரசனைக் குறைவு அல்ல, சுத்தமான மனக்கணக்கு. இந்தியா முழுக்க விற்கும் பீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஸ்ட்ராங் என்று தொழில்துறையினர் சொல்வதற்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கணக்குதான்.

இதற்கு மேல், இறக்குமதியாகும் பீருக்குப் பொதுவாகச் சுமார் 110 சதவீத சுங்க வரி வேறு. அதனால் வெளிநாட்டு மைல்டு பீர் எலைட் கடைக்கும் ஸ்டார் ஹோட்டல் பாருக்கும் உரிய சமாச்சாரமாகிவிடுகிறது. ஜப்பானில் சூப்பர் மார்க்கெட்டில் பாலுக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண சரக்கு, இங்கே ‘பிரீமியம்’ ஆகிவிடும். மாஸ் மார்க்கெட் பொருளை கிளாஸ் மார்க்கெட்டில் ருசி பார்த்தால் ஏமாற்றம்தான் வரும். ‘இதுக்கா இவ்வளவு காசு?’ என்று கேட்பவர் மேல் தப்பே இல்லை.

கிராம் கணக்கில் பார்த்தால்

ஆல்கஹாலை சதவீதத்தில் பார்ப்பதைவிட கிராமில் பார்ப்பது தெளிவு. சூத்திரம் சின்னது: மி.லி. அளவை சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்து, 0.8-ஆல் பெருக்கினால் கிராம் வந்துவிடும்.

350 மி.லி. ஜப்பான் கேன், 5 சதவீதம்: 14 கிராம். நம் ஊர் 650 மி.லி. மைல்டு, 5 சதவீதம்: 26 கிராம். அதே பாட்டில் ஸ்ட்ராங், 8 சதவீதம்: சுமார் 42 கிராம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மி.லி., 42.8 சதவீதம்: சுமார் 62 கிராம்.

‘மைல்டு’ ஸ்ட்ராங்கில் பாதி கூட இல்லை என்ற நினைப்பு இங்கேயே உடைந்துவிடுகிறது. பாதியைத் தாண்டி நிற்கிறது. ‘பீர்தானே குடிச்சேன், சரக்கு அடிக்கலையே’ என்பதும் அப்படித்தான். ரெண்டு ஸ்ட்ராங் பீர் ஒரு குவார்ட்டரைவிட அதிகம்.

ஜப்பான் சுகாதார அமைச்சகம் 2024 பிப்ரவரியில் மது அருந்துவது பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதிலும் கணக்கு கிராமில்தான். ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 40 கிராம், பெண்களுக்கு 20 கிராமைத் தாண்டினால் வாழ்க்கைமுறை நோய்களின் ஆபத்து கூடும் என்கிறது அது. நம் ஸ்ட்ராங் பாட்டில் ஒன்றிலேயே அந்த 40 தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது.

ஜப்பானியர்கள் கொஞ்சமாகக் குடிப்பவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஆல்கஹால் உடையும்போது வரும் நச்சுப்பொருளைச் சமாளிக்கும் நொதி பரம்பரையாகவே பலவீனம். அரை கிளாஸிலேயே முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். அப்படிப்பட்டவர்கள் பழக்கத்தால் குடித்துத் தாங்கிக்கொண்டாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து அவர்களுக்கு அதிகம்.

அவிநாசிபாளையம் வரை

அவிநாசிபாளையம் ஒரு சாலைச் சந்திப்பு. அவிநாசியில் இருந்து திருப்பூர் வழியாக வரும் நெடுஞ்சாலை, கோவை - பல்லடம் - காங்கேயம் - கரூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 81-ஐ இங்கேதான் தொடுகிறது. அப்படியே தாண்டிப் போனால் தாராபுரம். லாரி, கம்பெனி வேன், ஷிஃப்ட் முடிந்து வரும் பைக் எல்லாம் ஒரே சாலையில்.

மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு சொல்லும் வரம்பு, 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். தாண்டினால் முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இப்போது மேலே போட்ட கிராம் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள ஆண், ஒரு 350 மி.லி. ஜப்பான் கேனை மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் தோராயமாக 29 மில்லிகிராம். வரம்பின் விளிம்பு! 60 கிலோ ஆள் என்றால் தாண்டிவிடும். பெண்கள் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் 55 கிலோ பெண்ணுக்கு 45-ஐத் தாண்டும்.

நம் ஊர் 650 மி.லி. மைல்டு என்றால் அதே 70 கிலோ ஆணுக்கு சுமார் 55. ஸ்ட்ராங் என்றால் 85-க்கும் மேல். உடம்பு ஒரு மணி நேரத்தில் சராசரியாக 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் கழிக்கும். ஒரு மைல்டு பாட்டில் குடித்தவர் 30-க்குக் கீழே வரவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஸ்ட்ராங் குடித்தவருக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல். டீ குடிப்பது, முகம் கழுவுவது, பப்பிள்கம் மெல்லுவது எதுவும் இந்தக் கடிகாரத்தை வேகமாக ஓட்டாது. இது எல்லாமே தோராயக் கணக்கு. வயிற்றில் சாப்பாடு இருந்தால், ஆள் மாறினால், எண்ணும் மாறும். இதைக் காட்டிப் போலீஸிடம் வாதாட முடியாது.

சாலையையும் மதுக்கடையையும் பிரிக்க நாடு முழுவதற்கும் வந்த தீர்ப்பில் தமிழ்நாட்டு வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. பிறகு 20,000 பேர் வரை உள்ள ஊர்களுக்கு அது 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைக்கு மாற்று இடம் தேடியது ஊருக்குள். 2017 ஏப்ரலில் இதே திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் புதுக் கடையை எதிர்த்துப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். போலீஸ் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. கடையைச் சாலையில் இருந்து நகர்த்த முடிந்தது. குடித்தவரைச் சாலையில் இருந்து நகர்த்துவதற்கு அந்தத் தீர்ப்பில் வழி இல்லை.

ஜப்பானிலும் வரம்பு இதேதான், ரத்தத்தில் 0.03 சதவீதம். அதாவது நம் 30 மில்லிகிராம். வித்தியாசம் யாரைப் பிடிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. 2006 ஆகஸ்ட்டில் ஃபுகுவோகாவில் குடித்துவிட்டு ஓட்டியவர் மோதி, ஒரு குடும்பத்தின் காரே பாலத்தில் இருந்து கடலில் விழுந்தது. மூன்று குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த வருஷம் சட்டம் மாறியது. வண்டி கொடுத்தவர், ஊற்றிக் கொடுத்தவர், தெரிந்தே கூட ஏறி உட்கார்ந்தவர் எல்லோருக்கும் தண்டனை. நம் ஊரில் ‘ஒண்ணும் ஆகாது, மெதுவா போ மாப்ள’ என்று தட்டிக்கொடுத்து அனுப்பும் நண்பரும் அங்கே குற்றவாளிப் பட்டியலுக்குள் வரலாம்.

அதன் தொடர்ச்சியாகத்தான் பீர் கம்பெனிகளே இன்னொரு பக்கம் ஓடின. 2009-ல் கிரின், 0.00 சதவீத பீர் ருசி பானத்தை வண்டி ஓட்டுபவர்களுக்காகவே இறக்கியது. 2023-ல் அசாஹி, சூப்பர் டிரையின் 3.5 சதவீத வகையைக் கொண்டுவந்தது. உண்மையில் ‘மைல்டு’ என்று சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். நம் சூப்பர் மார்க்கெட் ஃப்ரிட்ஜிலும் 0.0 கேன்கள் வந்துவிட்டன, ஆனால் கூல்டிரிங்க்ஸுக்குப் பக்கத்தில், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல்.

இன்னொரு சின்ன விஷயம். ஜப்பானின் பெரிய பீர் கம்பெனிகள் இப்போது கேனிலேயே ‘சுத்த ஆல்கஹால் அளவு’ என்று கிராமில் அச்சடிக்கின்றன. சூப்பர் டிரை 350 மி.லி. கேனில் 14 கிராம் என்று இருக்கும். இங்கே லேபிளில் சதவீதம் மட்டும்தான், அதுவும் மூலையில் பொடி எழுத்தில். போனில் கால்குலேட்டரைத் திறந்தால் பத்து செகண்ட் வேலை. 500 மி.லி. கேன், 7.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 × 7.5 ÷ 100 × 0.8. வருவது 30 கிராம்; 70 கிலோ ஆணுக்கு ரத்தத்தில் 60-ஐத் தாண்டும். திருப்பூரில் இருந்து தாராபுரம் போகும் பஸ் அவிநாசிபாளையத்தில் நிற்கும்.